நடுக்குவாதமும் மூளை மின் தூண்டலும்: ‘தொடக்க நிலை’ என்பது எது?

(மாவட்ட மருத்துவர்களும் சுகாதாரப் பணியாளர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

தமிழ் மக்கள் நடுக்குவாதம் என்று அழைக்கும் நோய்க்கு மருத்துவ உலகில் பார்க்கின்சன் நோய் என்று பெயர். லண்டனில் மருத்துவத் தொழில் புரிந்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் ஆறு பேரின் நிலையைக் கூர்ந்து நோக்கி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. எனினும் கை நடுக்கம், உடல் முன்னோக்கிக் குனிதல், நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக மாறும் நடை ஆகியவற்றை அவர் விவரித்த விதம் இன்றளவும் மாற்றமின்றிப் பொருந்துகின்றது. கண்ணால் பார்த்தே அறியத்தக்க நோய் இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இன்றும் இந்நோயை உறுதி செய்வது பெரும்பாலும் மருத்துவரின் கண்ணும் கையுமே அன்றி இயந்திரம் அன்று.

அண்மைக் காலமாக இந்நோய் கண்ட குடும்பங்களிடையே ஒரு கேள்வி பரவிவருகின்றது. மூளைக்குள் மின்முனையைப் பதித்து நடுக்கத்தை நிறுத்தும் சிகிச்சை இருக்கின்றது. அதனை நோய் முற்றும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே செய்துவிட்டால் என்ன என்பதே அக்கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை தேடும் குடும்பத்தின் முன்னால் பல இலட்சம் ரூபாய்ச் செலவும், மண்டையோட்டில் துளையிடும் அறுவையும் நிற்கின்றன. நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ பணம் திரட்டுவதற்கு முன் அக்குடும்பம் ஆலோசனை கேட்கப்போவது பெரும்பாலும் ஊரில் உள்ள மருத்துவரிடமும் செவிலியரிடமும்தான். ஆகவே ‘தொடக்க நிலை’ என்னும் சொல்லுக்கு ஆராய்ச்சியாளர்கள் எந்தப் பொருளைக் கொண்டார்கள் என்பது இங்குக் கூடியுள்ளோருக்குத் தெளிவாக விளங்கியிருத்தல் அவசியம்.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாகக் காணலாம். நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, உடலசைவுகளைச் சீர்செய்யும் மூளைப் பகுதிகளுக்கு அனுப்புகின்றன. இந்த அணுக்கள் காரணம் முழுதும் விளங்காத வகையில் சிறிது சிறிதாக அழிகின்றன. கை நடுங்கத் தொடங்கும் வேளையில் அவற்றுள் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்து போயிருக்கும். எனவே மருத்துவர் ‘தொடக்கம்’ என்று குறிப்பது உண்மையில் நோயின் தொடக்கம் அன்று. அது வெளியே தெரியத் தொடங்கிய நாள் மட்டுமே. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் அறியும் திறன் குறைதல், மலச்சிக்கல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால்களை வீசுதல் முதலிய குறிகள் தோன்றியிருக்கக்கூடும்.

1960ஆம் ஆண்டில் வியன்னா நகரில் ஹார்னிகேவிச்சும் ஏரிங்கரும் இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் கண்டறிந்தனர். மூளைக்குள் சென்று டோபமைனாக மாறவல்ல லெவோடோபாவைக் கொடுத்துப் பார்க்கும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் கோட்சியாஸ் 1967இல் அதனை வாய்வழியே படிப்படியாகப் பேரளவில் கொடுத்து, படுக்கையில் கிடந்தோரை நடக்கச் செய்தார். இந்தப் பொருளுக்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்த செய்தியைத் தாமோதரனும் ராமசாமியும் 1937ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். அப்போது அது நடுக்குவாதத்திற்கு உதவும் என்று எவரும் எண்ணவில்லை. (விதையைத் தாமாகவே அரைத்து உண்போர் இன்றும் உளர். அதில் மருந்தின் அளவு விதைக்கு விதை வேறுபடும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.)

லெவோடோபா வந்த பின்னர் முதல் சில ஆண்டுகள் நோயாளிக்கு நல்ல காலம் எனலாம். அதன்பின் சிக்கல் எழுகின்றது. ஒருமுறை உண்ட மாத்திரையின் பயன் அடுத்த வேளைவரை நீடிப்பதில்லை. இறுக்கமும் நடுக்கமும் இடையிலேயே திரும்புகின்றன. மருந்து உச்சத்தில் இருக்கும்போதோ கையும் தலையும் தாமாகவே நெளிகின்றன. நாளின் ஒரு பகுதி கல்லாகவும் ஒரு பகுதி காற்றில் ஆடும் கிளையாகவும் கழிகின்றது. இதனை அஞ்சிப் பலர் மாத்திரையைத் தொடங்குவதையே தள்ளிப் போடுகின்றனர். இது தேவையற்ற அச்சம். கானா நாட்டு நோயாளிகளையும் இத்தாலி நாட்டு நோயாளிகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. கானாவில் மருந்து எளிதில் கிட்டாமையால் அங்குள்ளோர் பல ஆண்டுகள் தாமதித்தே லெவோடோபாவைத் தொடங்கினர். ஆயினும் இச்சிக்கல்கள் இரு நாட்டினருக்கும் நோய் தோன்றி ஏறத்தாழ ஒரே கால அளவிற்குப் பின்னரே வந்தன. நோயின் வயதே இதற்கு முதன்மைக் காரணம், மருந்து உண்ட காலம் அன்று. தாமதித்த கானா நோயாளிக்குக் கிடைத்தது மருந்தின்றித் துன்புற்ற ஆண்டுகளே.

மின் தூண்டல் சிகிச்சை இந்தக் கட்டத்தில்தான் பயன் தருவதாக வளர்ந்தது. அதற்கு முன்பும் அறுவை முறைகள் இருந்தன. மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் முதலிய பகுதிகளில் பயறளவு இடத்தைச் சுட்டு அழித்து நடுக்கத்தை நிறுத்தும் முறை 1950களில் பரவியது. சென்னையில் 1950இல் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தியும், அவருடன் பணியாற்றிய டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி. எஸ். கனகா ஆகியோரும் இத்தகைய நுண்ணிய அறுவைகளில் இந்தியாவுக்கு வழிகாட்டினர். இந்தியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களுள் ஒருவரான கனகா, மூளைக்குள் மின்முனைகளை நிலையாகப் பதிக்கும் முயற்சியில் 1970களிலேயே ஈடுபட்டவர். அரசு மருத்துவமனையின் எளிய வசதிகளைக் கொண்டு இவர்கள் செய்த பணி இன்று போதிய அளவு நினைவுகூரப்படுவதில்லை.

அழிக்கும் முறையில் ஒரு குறை இருந்தது. அழித்ததை மீட்க இயலாது. மூளையின் இருபுறமும் அழித்தால் பேச்சு குழறும். பிரான்சில் கிரெனோபிள் நகரைச் சேர்ந்த பெனாபித் 1987இல் தலாமஸ் அறுவையின்போது, அழிக்க வேண்டிய இடம் சரிதானா என்று அறிய மின்துடிப்பைச் செலுத்திப் பார்த்தார். துடிப்பு நொடிக்கு நூறு அளவில் விரைவாக இருந்தபோது நடுக்கம் உடனே நின்றது. துடிப்பை நிறுத்தியதும் திரும்பியது. அழிக்காமலே அழித்ததற்கு ஒப்பான பயனைப் பெறலாம் என்பது இதனால் புலனாயிற்று. பின்னர் அமெரிக்காவில் டிலாங்கும் அவருடைய குழுவினரும் குரங்குகளில் செய்த ஆய்வு 1990இல் வெளிவந்து, தலாமஸுக்குக் கீழே உள்ள சப்தலாமிக் கரு என்னும் சிறு பகுதியின் அளவுமீறிய இயக்கமே இறுக்கத்திற்குக் காரணம் என்று காட்டியது. 1993ஆம் ஆண்டு முதல் பெனாபித்தின் குழுவினர் அந்தக் கருவையே தூண்டத் தொடங்கினர்.

இன்றைய சிகிச்சையின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவே பருமனுள்ள மின்முனை மூளையின் இருபுறமும் செலுத்தப்படுகின்றது. அதிலிருந்து கம்பிகள் தோலுக்கு அடியில் கழுத்து வழியாக இறங்கி, மார்பில் பதிக்கப்பட்ட மின்கலப் பெட்டியை அடைகின்றன. நொடிக்கு 130 அளவில் மின்துடிப்புகள் இடைவிடாது செல்கின்றன. அறுவையின் ஒரு பகுதியில் நோயாளி விழித்திருப்பதும் உண்டு. அவருடைய கையை அசைத்துப் பார்த்து, பேசச் சொல்லிக் கேட்டு, மின்முனை சரியான இடத்தில் உள்ளதா என்று மருத்துவர்கள் அறிவர். மின்துடிப்பின் அளவை வெளியிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் இயலும். இது நோயைக் குணப்படுத்தும் முறை அன்று. அணுக்களின் அழிவு தொடர்ந்துகொண்டே இருக்கும். லெவோடோபா எவற்றை நீக்குகின்றதோ ஏறக்குறைய அவற்றையே மின் தூண்டலும் நீக்குகின்றது. நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. மருந்துக்கு அடங்காத நடுக்கம் மின் தூண்டலுக்கு அடங்குவதுண்டு. மருந்து உண்ட பின்பும் நீங்காத தள்ளாட்டம், மறதி ஆகியவற்றை அறுவையும் நீக்காது.

இனி ‘தொடக்க நிலை’ என்னும் சொல்லுக்கு வரலாம். இச்சொல்லைப் பயன்படுத்திய இரு ஆய்வுகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு மனிதர்களைப் பற்றியவை. முதலாவது, ஜெர்மனியிலும் பிரான்சிலும் 251 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியானது. இவர்கள் 60 வயதைக் கடவாதவர்கள். குறைந்தது நான்கு ஆண்டுகளாக நோய் உடையவர்கள். சராசரியாகக் கணக்கிட்டால் ஏழரை ஆண்டுகள். மருந்தின் பயன் இடையில் அறுந்துபோகும் சிக்கல் இவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் தொடங்கியிருந்தது. அதாவது இங்கே ‘தொடக்கம்’ என்பது நோயின் தொடக்கம் அன்று, சிக்கலின் தொடக்கம். ஒரு பாதியினருக்கு மருந்துடன் மின் தூண்டலும், மறு பாதியினருக்குச் சிறந்த மருந்துச் சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளின் முடிவில் வாழ்க்கைத் தரத்தை நூறு புள்ளிகளால் அளக்கும் அளவுகோலில் முதற் பிரிவினர் 7.8 புள்ளிகள் முன்னேறினர். இரண்டாம் பிரிவினரிடம் முன்னேற்றம் இல்லை. மின் தூண்டல் பெற்றோருக்கு மருந்தின் தேவையும் பெரிதும் குறைந்தது.

இந்த முடிவு மதிப்பு மிக்கது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, வேலை இழந்து, வீட்டில் முடங்கிய பின்னரே அறுவைக்கு அனுப்பும் பழைய வழக்கத்தை அது அசைத்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் தன் அனுமதியை விரிவாக்கியபோது, குறைந்தது நான்கு ஆண்டு நோயும் அண்மையில் தோன்றிய சிக்கல்களும் உடையோரையும் சேர்த்துக்கொண்டது. எனினும் இந்த ஆய்வை எடையிடும்போது சில செய்திகளை மறைத்தல் கூடாது. தமக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கின்றது என்பது நோயாளிகளுக்குத் தெரியும். அறுவை பெறாதோரின் ஏமாற்றமும் பெற்றோரின் நம்பிக்கையும் புள்ளிகளில் ஓரளவு கலந்திருக்கக்கூடும். அறுவையாலோ கருவியாலோ கடுமையான தீங்கு நேர்ந்தோர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். அவற்றுள் பெரும்பாலானவை பின்னர் சரிசெய்யப்பட்டன. தற்கொலை செய்துகொண்டோர் மின் தூண்டல் பிரிவில் இருவர், மருந்துப் பிரிவில் ஒருவர். எண்ணிக்கை சிறிதாயினும், அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் மனநிலையைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

இரண்டாவது ஆய்வு உண்மையிலேயே தொடக்க நிலை பற்றியது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. மருந்து தொடங்கி ஆறு மாதம் முதல் நான்கு ஆண்டுகளுக்குள் இருந்த, மருந்தின் சிக்கல் ஏதும் தோன்றாத நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். மொத்தம் 30 பேர். இது அறுவை பாதுகாப்பானதா, பொறுக்கத்தக்கதா என்று அறிய நடத்திய முன்னோட்டம் மட்டுமே. பயனை நிறுவும் அளவுக்கு முப்பது பேர் போதாது. ஐந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு 2020இல் வெளியாயிற்று. மின் தூண்டல் பெற்றோருக்கு நடுக்கம் மிகுவதும், பல மருந்துகளை ஒருசேர உண்ண நேர்வதும் குறைவாகக் காணப்பட்டன. நோயின் போக்கையே இது மெதுவாக்குமா என்ற ஆவலை இம்முடிவு தூண்டியது இயற்கையே. ஆனால் முப்பது பேரைக் கொண்டு அதனை நிலைநாட்ட இயலாது என்பதை ஆய்வாளர்களே ஒப்புகின்றனர். இந்த ஆய்வில் ஒருவருக்கு அறுவையின்போது பக்கவாதம் நேர்ந்தது. மாத்திரையால் நலமாக வாழ்ந்துகொண்டிருந்த மனிதர் ஒருவருக்கு இது நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொடக்கத்திலேயே அறுவை செய்வதற்கு எதிராக மற்றொரு வலுவான காரணமும் உண்டு. நடுக்குவாதம் போலவே தோன்றி வேறாக முடியும் நோய்கள் பல. கண் அசைவைப் பாதித்து அடிக்கடி பின்புறமாக விழச் செய்யும் நோயும், இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் கெடுக்கும் நோயும் முதல் சில ஆண்டுகளில் தேர்ந்த மருத்துவரையும் ஏமாற்றும். இவற்றிற்கு மின் தூண்டலால் பயன் இல்லை. நான்கைந்து ஆண்டுகள் கழிவதற்குள் உண்மை பெரும்பாலும் தானாக வெளிப்பட்டுவிடும். ஆகவே நான்கு ஆண்டு என்னும் வரம்பு காலங்கடத்தல் அன்று. அதுவே ஒரு பரிசோதனை.

இந்தியாவின் நிலையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பம்பாயில் பார்சிக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு 1988இல் வெளியானது. ஓர் இலட்சம் பேருக்கு 328 பேர் இந்நோயாளிகள் என்று அது கூறியது. பெங்களூர் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2004இல் வெளியான கணக்கின்படி ஓர் இலட்சத்திற்கு 33 பேர். பார்சி சமூகத்தில் முதியோர் மிகுதி என்பது இவ்வேறுபாட்டின் ஒரு காரணம். இந்தியா முழுவதும் முதியோர் தொகை பெருகிவரும் காலத்தில், பார்சிகளின் எண்ணிக்கையைத் தனிப்பட்ட சமூகத்தின் விந்தை என ஒதுக்கிவிடுவது சரியாகாது.

பெங்களூரின் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், தில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் முதலிய அரசு சார்ந்த நிறுவனங்களில் இந்த அறுவை நடைபெறுகின்றது. பெருநகரத் தனியார் மருத்துவமனைகளிலும் நடைபெறுகின்றது. ஆயினும் அறுவைக் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. சாதாரண மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீர்ந்து, பெட்டியை மாற்ற வேண்டியிருக்கும். மின்னேற்றிப் பயன்படுத்தும் வகை பதினைந்து ஆண்டுகள்வரை உழைக்கும், விலை அதிகம். மின்துடிப்பைச் சரிசெய்ய முதல் ஆண்டில் பலமுறை நகரத்திற்குச் சென்றுவர வேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் மகன் தந்தையை அழைத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் செல்லும் ஒவ்வொரு பயணமும் இரண்டு நாள் கூலி இழப்பு. முதல் அறுவைக்குப் பணம் திரட்டிய குடும்பத்திடம் மின்கலம் மாற்றும் செலவைப் பற்றி முன்னரே சொல்லாதிருப்பது பெருங்குற்றம் என்றே கொள்ள வேண்டும்.

இதற்கு மாறாக லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் இடம் பெற்றுள்ளது. பட்டியலில் இருப்பது வேறு, கிராமத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தின் அலமாரியில் இருப்பது வேறு. நடுக்குவாதத்தின் தொடக்க நிலையில் இந்நாட்டு நோயாளிக்கு முதலில் கிட்டாமற்போவது மின்முனை அன்று. நோயின் பெயரும் இந்த மாத்திரையுமே.

நோய் எவ்வாறு தவறவிடப்படுகின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு காணலாம். ஐம்பது வயதுத் தறித் தொழிலாளி ஒருவருக்கு வலத் தோள் இறுகி வலிக்கின்றது என்று கொள்வோம். வாதம் என்று தைலம் தேய்க்கின்றார். தோள்பட்டைக்கு ஊசியும் போட்டுக்கொள்கின்றார். நடக்கும்போது அந்தக் கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டியிருப்பதையும், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவதையும், முகத்தில் சிரிப்பு குறைந்திருப்பதையும் எவரும் கேட்பதில்லை. நடுக்கம் வராதவரை நடுக்குவாதம் என்று எண்ணத் தோன்றுவதும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தொடங்குவது, மெதுவாகி வருவது ஆகிய இரண்டையும் சுகாதாரப் பணியாளர் மனத்தில் கொண்டால் இத்தகையோரில் பலர் ஈராண்டு முன்னதாகவே மாத்திரையைப் பெறுவர்.

மற்றொரு கேள்வி இதைவிட எளியது. ஆனால் அதிகம் மறக்கப்படுவது. நோயாளி வேறு என்ன மருந்து உண்கின்றார்? தலைச்சுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளுனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்குரிய ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் நடுக்குவாதத்தையே உண்டாக்கவல்லவை. மாதக்கணக்கில் சின்னரிசின் உண்டு கை நடுங்கும் மூதாட்டிக்கு வேண்டியது அறுவையும் அன்று, லெவோடோபாவும் அன்று. அந்த மாத்திரையை மருத்துவர் நிறுத்துவதே.

அறுவைக்கு அனுப்பும் வேளையை அறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் எளிய கணக்கு உண்டு. நாளொன்றுக்கு ஐந்து வேளை அல்லது அதற்கு மேல் லெவோடோபா தேவைப்படுதல். இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ மருந்தின் பயனின்றி இறுகிக் கிடத்தல். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ துன்பம் தரும் நெளிவு இருத்தல். இம்மூன்றில் ஒன்று காணப்பட்டாலும் நரம்பியல் வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். அங்கே நோயாளியை மருந்தின்றி ஒருமுறையும் மருந்து கொடுத்து ஒருமுறையும் சோதிப்பர். மருந்தினால் மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் தெரிந்தால்தான் பொதுவாக அறுவை பற்றிப் பேசுவர். நினைவாற்றல் குன்றியவருக்கும் ஆழ்ந்த மனச்சோர்வு உடையவருக்கும் பெரும்பாலும் மறுப்பர். அறுவையில் மூளைக்குள் இரத்தம் கசியும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்பதையும் கூறுவர். மேலே சொன்ன தறித் தொழிலாளி ஆறாம் ஆண்டில் இந்த வாயிலை அடைந்தால், 251 பேரின் ஆய்வு அவருக்குப் பொருந்தும். முதல் ஆண்டிலேயே வந்தால் பொருந்தாது. பன்னிரண்டாம் ஆண்டில், நினைவும் நடையும் தடுமாறிய பின் வந்தால், அறுவைக்குரிய காலம் கடந்திருக்கக்கூடும். இந்நாட்டில் மிகுதியாக நிகழ்வது இந்த மூன்றாவது பிழையே.

அறுவை முடிந்து ஊர் திரும்பியவரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மார்பில் பெட்டி பதிக்கப்பட்டவருக்கு மூட்டுவலி என்று வெப்ப மின்னலைச் சிகிச்சை அளித்தல் கூடவே கூடாது. அந்த அலை கம்பி வழியே மூளையைச் சுட்டு உயிருக்கே கேடு விளைவித்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. காந்த அலைப் படம் எடுப்பதற்கு முன் கருவியின் வகையை அறுவை செய்த மருத்துவமனையிடம் கேட்டறிய வேண்டும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் மரம்போல் இறுகி, விழுங்கவும் இயலாமல் கொண்டுவரப்பட்டால், மின்கலம் தீர்ந்திருக்கலாம் என்று முதலில் ஐயுற வேண்டும். லெவோடோபா மாத்திரையை மூக்குக்குழாய் வழியே கொடுத்து, கருவி பொருத்திய மருத்துவமனைக்கு அன்றே அனுப்ப வேண்டும். அக்கருவியின் அடையாள அட்டையை நோயாளியின் சட்டைப் பையிலும், அதன் நகலை ஊர்ச் செவிலியரிடமும் வைத்திருக்கச் சொல்வது நன்று.